சித்தியின் மணிக்கட்டில் குண்டூசி

பிடிக்காத புத்தகத்தை ஒருத்தி ஏன் கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும்? பள்ளியை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் சித்தியின் தையல் கடையில் உட்கார்ந்திருந்தபோது, இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. சித்தியிடமே கேட்டேன்.

"வாயை மூடிக்கிட்டு ஊசியில நூலைக் கோத்துக் குடுடி" என்றாள்.

சித்தி என் அம்மாவின் தங்கை. பெண்களின் உடைகளும் பள்ளிச் சீருடைகளும் தைப்பாள். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள், கல்யாணம் ஆகவில்லை. யாராவது பேச்செடுத்தால், "நான் என்ன தைக்கக் குடுத்த துணியா, எப்ப ரெடியாகும்னு கேக்குறீங்க?" என்று வாயடைத்துவிடுவாள். இடது மணிக்கட்டில் எப்போதும் குண்டூசிப் பட்டை கட்டியிருப்பாள். பார்க்கக் கைக்கடிகாரம் போல இருக்கும். கடிகாரம் இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சடைத்த சின்ன மெத்தை. அது நிறையக் குண்டூசிகள், பாதிக்கு மேல் முனை வெளியே நீட்டிக்கொண்டு.

வேலை இல்லாத நேரத்தில் கையில் ஒரு காதல் நாவல். புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துத்தான் படிப்பாள். அவ்வளவு அருவருப்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஏனென்றால் படிக்கப் படிக்கத் திட்டு விழும்.

"பத்து கம்பெனி வச்சிருக்கானாம். ஒரு நாளாவது வேலைக்குப் போறானா பாரு! எந்நேரமும் இவ வீட்டு வாசல்ல நின்னு முறைக்கிறான். இவன் கம்பெனியில வேலை பாக்குறவங்களுக்குச் சம்பளம் வந்த மாதிரிதான்."

"அவன் பாசத்தை வெளியில காட்ட மாட்டான் சித்தி. உள்ளுக்குள்ளயே வச்சிருப்பான்."

"ஊறுகாயா, உள்ளுக்குள்ளயே வச்சிருக்க? இவளும் சரியில்ல. அத்தியாயத்துக்கு ஒரு தடவை தடுக்கி விழுறா. கரெக்டா இவன் வந்து தாங்குறான். முதல்ல இவளுக்கு நல்ல செருப்பா ஒண்ணு வாங்கிக் குடுங்கடா!"

எனக்கோ அந்த நாயகர்கள் என்றால் உயிர். ஆறடி உயரம், அழுத்தமான தாடை, ஒற்றைப் புருவத்தை உயர்த்தும் அலட்சியம். சித்திக்கு ரசனையே இல்லை என்று நொந்துகொண்டேன்.

எதிர்ச்சாரியில் மூக்குக்கண்ணாடிக் கடை. அதன் முதலாளி ஐந்தடிக்குச் சற்று மேல். தாடை எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத சாதுவான மனிதர். சித்தியைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை. தெருவுக்கே தெரியும். கண்ணாடி வைக்கும் துணிப்பைகளைத் தைக்கச் சொல்லி வாரம் தவறாமல் வருவார். விற்ற கண்ணாடியைவிடத் தைத்த பை அதிகம். வந்தால் "நல்லா இருக்கீங்களா?" என்பார், பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்.

அவர் செய்த தவறு ஒன்றுதான். அவர் கடைக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு. அங்கிருந்து சித்தி நாவல் படிப்பது தெரியும், திட்டுவது கேட்காது. உதடு அசைவதைப் பார்த்து, விரும்பிய வரிகளை வாய்விட்டுப் படிக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். அதே நாவல்களைத் தேடி வாங்கி, பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்திருக்கிறார். முகம் பார்க்க அவர் கடையிலா கண்ணாடிக்குப் பஞ்சம்? பயிற்சியும் நடந்திருக்கிறது.

ஒரு நாள் மதியம் அவர் தெருவைக் கடந்து வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அதன் ஓரத்தில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது.

"ஏய், நில்லு" என்றார் அடிக்குரலில்.

சித்தி உட்கார்ந்துதான் இருந்தாள். "யாரை ஏய்ங்கிறீங்க?"

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒற்றைப் புருவத்தை உயர்த்தினார். ஒன்று போக மறுத்து இரண்டும் சேர்ந்து ஏறின. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"பல் வலியா சார்?" என்று பதறி எழுந்தாள் சித்தி. "லவங்கம் வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா?"

"நீ எனக்கு மட்டும்தான்!" என்று சொல்லி, எட்டிச் சித்தியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார் மனிதர். இடது மணிக்கட்டை.

"அய்யோ அம்மா!"

கத்தியது சித்தி இல்லை. உதறிய கையில் குண்டூசிகள் முள்ளம்பன்றி போல நின்றன. சித்தியின் முகத்தைப் பார்த்து நான் தையல் மெஷினுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவ்வளவுதான், இனி பையும் கிடையாது, படியேறவும் முடியாது என்று அவருக்கும் புரிந்துவிட்டது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"உக்காருங்க" என்றாள் சித்தி. உட்கார்ந்தார். ஒவ்வோர் ஊசியாகப் பிடுங்கிக்கொண்டே, "என்ன கூத்து இது?" என்று கேட்டாள்.

"நீங்க படிக்கிற புத்தகத்துல... அவன் கையைப் பிடிப்பான். அவ அப்படியே உருகிடுவா."

"அவ உருகுவா. அவ மெழுகுவர்த்தி. நான் மனுஷி. கேக்காம கையைப் பிடிக்கிறவனைப் பார்த்தா எனக்கு அந்தப் பக்கத்தையே கிழிச்சுப் போடத் தோணும்!"

"அப்ப எதுக்குப் படிக்கிறீங்க?"

அவர் கேட்டது என் கேள்வி. அதே கேள்வி. சித்தி இந்த முறை நூலைக் கேட்கவில்லை. பிடுங்கிய ஊசிகளைப் பட்டையில் திரும்பக் குத்திக்கொண்டே சொன்னாள்.

"இத்தனை பேர் வர்றானுங்க, தூக்குறானுங்க, முறைக்கிறானுங்க. ஒருத்தனாவது, ஒரு பக்கத்துலயாவது, 'உனக்கு என்ன வேணும்'னு அவகிட்ட கேக்குறானான்னு பாக்கத்தான் படிக்கிறேன். கடைசிப் பக்கம் வரைக்கும் போனாத்தானே தெரியும்?"

"கேட்டிருக்கானா சித்தி?"

"இதுவரைக்கும் இல்ல."

அவர் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு தலைகுனிந்திருந்தார். பிறகு பழைய குரலில், பழைய வியர்வையோடு கேட்டார்: "உங்களுக்கு என்ன வேணும்?"

சித்தி திரும்பி என்னைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். "கண்ணாடி" என்றாள்.

"என்னது?"

"மூக்குக்கண்ணாடி. கிட்டத்துல எழுத்து தெரியல. ஊசியில நூல் கோக்க இவளைத்தான் கூப்பிட வேண்டியிருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புத்தகத்தைத் தள்ளிப் பிடித்தது அருவருப்பால் அல்ல.

"எதிர்லயே கடை வச்சிருக்கேனே, சொல்லியிருக்கலாமே!"

"அதனாலதான் சொல்லல. ஊர்ல வேற கண்ணாடிக் கடையா இல்ல? ஆனா எங்க வாங்கிப் போட்டாலும் நீங்க பாத்துடுவீங்க. கண்ணு மங்குதுன்னு உங்களுக்குத் தெரிய வேணாம்னு இருந்துச்சு." இதைச் சொல்லிவிட்டுச் சித்தி தன் காதைத் தானே தொட்டுக்கொண்டாள். சிவந்திருந்தது.

அவர் துள்ளி எழுந்தார். அத்தனை கம்பெனி முதலாளிகளிடமும் நான் பார்க்காத கம்பீரம். "வாங்க. இப்பவே பாத்துடலாம்" என்றவர், வாசலில் நின்று, "வர்றீங்களா?" என்று திருத்திக்கொண்டார்.

புதுக் கண்ணாடி வந்ததும் சித்தி பழைய நாவல் ஒன்றை முகத்துக்கு நேரே பிடித்தாள். "அடப்பாவிகளா, இத்தனை எழுத்துப் பிழையா! இவ்வளவு நாளும் பாதிதான் திட்டியிருக்கேன்!" அவர் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது.

சில மாதங்கள் கழித்துக் கல்யாணப் பேச்சை எடுத்தது அம்மா அல்ல, சித்திதான். இப்போது அவர் எனக்குச் சித்தப்பா. உயரம் கூடவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து படிக்கிறார்கள். ஒருவர் படிக்க, ஒருவர் திட்ட. நானும் இன்னும் படிக்கிறேன். ஆனால் யாராவது புருவத்தை உயர்த்தினால் லவங்கம் ஞாபகம் வந்துவிடுகிறது.

எங்கள் தெருவில் காதல் நாவல்கள் அட்டை கிழியும்வரை கைமாறும். இந்தக் கதையையும் அப்படியே கைமாற்றி விடுங்கள். முக்கியமாக, கேட்காமல் கையைப் பிடிப்பதுதான் காதல் என்று நினைக்கும் ஆள் யாராவது இருந்தால், அவருக்கு முதலில் கொடுங்கள். எல்லாப் பெண்களும் மணிக்கட்டில் குண்டூசி கட்டிக்கொண்டு திரிவதில்லை.