பின்சுவர் வெடிப்பில் பதினான்கு

சுரங்க டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் எழும் சிவில் புகார்களைப் பதிவு செய்வது என் வேலை. இருபது வருடமாக அதே நாற்காலி. குழாய், கதவு, கழிவறை, ஒழுகல், வெடிப்பு என்று புகாருக்குச் சில வகைகள் உண்டு. எதிலும் அடங்காத கஷ்டத்தோடு வருகிறவர்களை ஏதாவது ஒன்றில் அடக்கி அனுப்பிவைப்பேன். ஒருமுறை மரநாய் ஒன்றைக் கூரை ஒழுகலில் சேர்த்திருக்கிறேன்.

அதனால் எங்கள் வீட்டுப் பின்சுவர் வெடிப்பில் வௌவால்கள் குடியேறியபோது நான் குழம்பவில்லை. ‘பின்சுவர் வெடிப்பு, பூசித் தரவும்’ என்று என் பெயரில் ஒரு புகார் எழுதிக்கொண்டேன். மாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் இரண்டு விரல் நுழையும் அகலத்துக்கு இருந்தது அந்த வெடிப்பு. கீழே துணி காயப்போடும் இடமெல்லாம் எச்சம், கூடவே நாற்றம். சுரங்கத்தில் வேலை பார்க்கும் என் கணவர், ஷிஃப்ட் முடிந்து கழற்றும்போது இருப்பதைவிடத் துவைத்த பிறகுதான் தன் சட்டை அதிகம் நாறுகிறது என்றார்.

இவற்றை விரட்ட வழி உண்டா என்று குவார்ட்டர்ஸ் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டேன். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், யாரும் ஏணி கொண்டுவரவில்லை. படம் எங்கெங்கோ போய், சிதம்பரத்தில் வௌவால் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்ணிடம் சேர்ந்தது. மறுநாளே அவள் வந்து, கொடுத்த காபி ஆறும்வரை சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வாலைப் பாருங்க ஆன்ட்டி. மத்த வௌவாலுக்கு வால் ரெண்டு காலுக்கும் நடுவுல இருக்கிற தோலோட ஒட்டியிருக்கும். இதுக்குப் பாதி வால் தனியா வெளிய நீட்டிகிட்டிருக்கு.”

எனக்கு அது எலிவால் மாதிரிதான் தெரிந்தது. அதைச் சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை.

வால் நீட்டிய வௌவால்களிலேயே இது மிக அரிதான இனமாக இருக்கலாம் என்றாள். கையில் எடுத்து அளந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், பிடிப்பதற்கு வனத்துறை அனுமதி வாங்க வேண்டும், அதுவரை வெடிப்பில் கை வைக்காதீர்கள் என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கேட்டாள். அன்று மாலை இருவரும் சேர்ந்து எண்ணினோம். ஒவ்வொன்றாகக் கீழே விழுவதுபோல் விழுந்து, பாதியில் இறக்கை விரித்து, வேகமாகப் போயின. பதினான்கு.

அதன்பிறகு தினமும் நானே எண்ணி அவளுக்கு அனுப்பினேன். பல்லியைக் கண்டாலே நாற்காலி மேல் ஏறுகிறவள் நான். ஆனாலும் அவை எனக்குப் பிடித்துப்போயின. பதினான்காவது வெளியே வரும்வரை வீட்டுக்குள் போகமாட்டேன். என் கணவர் துணிக்கொடியை முன்பக்கம் மாற்றிக் கட்டினார்.

புகாரை நான் ரத்து செய்யவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம், ஆனால் அது முழு உண்மை இல்லை. வேலை வரிசைப்படி நடக்கும், என் முறை வர வெகுநாள் இருந்தது. வரிசை எனக்கு மனப்பாடம். அதை மாற்றக்கூடியவர்களும் இருக்கிறார்கள் என்பது மட்டும் தோன்றவில்லை.

ஒருநாள் மாலை ஆபீஸிலிருந்து வந்தபோது, கம்மாபுரத்திலிருந்து வரும் கான்ட்ராக்ட் கொத்தனார் வாசலில் எனக்காகக் காத்திருந்தார். கூட்டிக்கொண்டுபோய்ச் சுவரைக் காட்டினார். வெடிப்பு இருந்த இடமே தெரியவில்லை.

“ஊர் வூட்டுக் கொறையெல்லாம் எழுதிகினு இருக்கீங்க, உங்க வூடு இப்படிக் கெடக்கலாமாங்க? பேரப் பாத்ததும் முன்னாடி எடுத்துட்டேன். காலைலயே வந்து கல்லு வெச்சு அடைச்சு, நல்லாக் கெட்டியாப் பூசிட்டேன் மேடம். எறும்புகூடப் போவாதுங்க.”

“உள்ள சத்தம் கேக்கலையா?”

“கேட்டுகினுதாங்க இருந்துச்சு. எலின்னு நெனச்சேன்.”

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அவர் உடனே ஏணியில் ஏறி, பார்த்துப் பார்த்துச் செய்ததை உளியால் கொத்தினார். ஒழுங்காகச் செய்த வேலை என்பதால் லேசில் பெயரவில்லை. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குமேல் எனக்கு எந்த வேலையும் தெரியவில்லை.

ஐந்து பறந்து போயின. மற்ற ஒன்பதையும் கொத்தனார் ஒவ்வொன்றாக எடுத்துவந்து சிமென்ட் சாக்கின் மேல் வைத்தார். ஒன்றின் வயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டியும் இருந்தது. அதை நாங்கள் எண்ணிக்கையில் சேர்த்ததே இல்லை. “தெரியாமப் போச்சுங்களே” என்றார் கொத்தனார். அவருக்குத் தெரியாதுதான். எனக்குத் தெரியும்.

அந்தப் பெண் மறுநாள் ஐஸ் பெட்டியோடு வந்து அவற்றை எடுத்துப்போனாள். திட்டவில்லை. மிச்சம் இருக்கும் ஐந்தையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். தினமும் மாலை ‘ஐந்து’ என்று அனுப்பினேன். சந்தேகம் வரக்கூடாதென்று ஒருநாள் மட்டும் ‘நான்கு’ என்று அனுப்பினேன்.

சில வாரம் கழித்து ஃபோன் செய்தாள். அளந்து பார்த்துவிட்டார்களாம், அந்த அரிய இனமேதானாம். இந்தப் பக்கத்தில் இருப்பதே இதுவரை யாருக்கும் தெரியாதாம். சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு பேச முயன்றாள், முடியவில்லை.

“அனுமதியும் வந்துடுச்சு ஆன்ட்டி. நாளைக்கு வரேன். அந்த அஞ்சையும் உயிரோட கையில எடுத்துப் பாக்கணும்.”

“வராதம்மா,” என்றேன். “அன்னிக்குப் போனது எதுவும் திரும்பல.”