சீரகப் பொட்டலத்தில் வந்த வீரன்

என் முதல் சாகச வீரனிடம் சீரக வாசம் அடித்தது. சில வாரங்களில் மஞ்சள், சில வாரங்களில் பெருங்காயம்; ஒருமுறை மிளகாய்த் தூளோடு வந்து சேர்ந்து, அவன் வில்லனின் முகத்தில் குத்துவிட்ட கட்டத்தை முகத்தருகே வைத்துப் பார்த்த நான் அரை நாள் கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரத் துரைமார் வீட்டுப் பிள்ளைகள் பார்த்துக் கழித்த ஆங்கிலப் பட இதழ்கள் பழைய காகிதமாக எடைக்கு வந்து, இன்று மலாயில் ஜாலான் பெண்டஹாரா என்று சொல்லப்படும் பட்டணத்துத் தெருவிலிருந்த ஒரு மளிகைக் கடையில் தாள் தாளாகக் கிழிக்கப்பட்டு, பொட்டலங்களாகக் காஜா பெராங் என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டுச் சமையலறைக்கு வந்தன. அம்மா பொட்டலத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டால் நான் எங்கிருந்தாலும் ஓடி வந்துவிடுவேன். சாமான் அம்மாவுக்கு, தாள் எனக்கு என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

இப்படி ஒரு வீரனின் கதையைத் துண்டு துண்டாகப் படிப்பதிலுள்ள எரிச்சலை, முழுப் புத்தகம் வாங்கிப் படித்தவர்கள் அறியமாட்டார்கள். அவன் மாடியிலிருந்து விழுவான். விழுந்தவன் தரையைத் தொட்டானா என்பது அடுத்த தாளில் இருக்கும். அடுத்த தாளில் யார் வீட்டுக்குக் கொத்தமல்லி போயிருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே நான் அம்மாவிடம், மொத்தமாக வாங்காமல் ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, தனித்தனிப் பொட்டலமாக வாங்கும்படி மன்றாடினேன். கடைக்காரரான தமிழ் முஸ்லிம் பெரியவர் "நானா" இந்தச் சூழ்ச்சியைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்.

"என்ன புள்ள, சீரகம் வேணுமா, படம் வேணுமா? சரியாச் சொல்லிரு. ரெண்டுக்கும் வெல வேற."

என்னைக் காப்பாற்றியவன் அந்தக் கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த மணியம். குருபோங் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து தினமும் நடந்து வருவான். என் அண்ணனின் வயதுதான் அவனுக்கு. அண்ணனின் ஒரே சிநேகிதனும் அவன்தான். ஆங்கிலம் தெரியாது, படத்தைப் பார்த்தே கதையின் வரிசையைப் பிடித்துவிடுவான். எங்கள் வீட்டுச் சாமானுக்கென்று அடுத்தடுத்த தாள்களை ஒதுக்கி வைப்பான். ஆங்கிலப் பள்ளியில் படித்த அண்ணன் எழுத்துகளை வாசித்துச் சொல்வான். அதற்குள் மணியம் கதையைச் சொல்லி முடித்திருப்பான்.

வீரனுக்கு நாங்கள் வைத்த பெயர் "கறுப்புத் துண்டு". பகலில் அவன் தபால் பிரிக்கும் குமாஸ்தா. சாயங்காலம் ஆனால் கண்ணைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புத் துணி, முதுகில் ஒரு நீளமான அங்கி. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "காய்ச்சல்காரன் மாதிரி போர்வையப் போத்திக்கிட்டு எங்க கெளம்பிட்டான் இவன்?" என்று கேட்டாள். அங்கி எனக்குப் பிரச்சினையாக இல்லை. பறப்பதுகூடப் பிரச்சினையாக இல்லை. அந்தத் துணிதான் என்னை உறங்கவிடாமல் செய்தது. பக்கத்து மேசையில் வருடக்கணக்காக உட்காரும் பெண்ணுக்கும், தினமும் திட்டும் மேலதிகாரிக்கும், இரண்டு விரல் துணி கட்டிய ஒருவனை அடையாளம் தெரியாதாம்! மூக்கு அதே மூக்கு, தாடை அதே தாடை. என்னை முட்டாளாக நினைத்துக்கொண்டு எவனோ வரைந்திருக்கிறான் என்று கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் அடுத்த பொட்டலத்துக்காகக் காத்திருந்தேன். இந்தக் கோபமும் இந்தக் காத்திருப்பும் சேர்ந்ததுதான் ரசிகத்தன்மை என்று பிற்காலத்தில் புரிந்துகொண்டேன்.

"அப்பா கண்ணுல துண்டு கட்டிக்கிட்டு வந்தா அம்மாவுக்கு அடையாளம் தெரியாமப் போயிருமா?" என்று நான் வழக்காடுவேன்.

"ஒங்கப்பாவ இருமல வச்சே கண்டுபிடிச்சிரலாம்," என்பான் மணியம்.

"கதைன்னா அப்படித்தான் பாப்பா," என்று தீர்ப்பு எழுதுவான் அண்ணன்.

உலகப்போரில் ஜப்பான்காரன் வந்தபோது, கறுப்புத் துண்டு பூட்டிய மண்டபம் ஒன்றில் சிக்கியிருந்தான். வெளியே தாழ், உள்ளே தண்ணீர், தண்ணீர் மார்பளவு வந்தாயிற்று. அடுத்த தாளுக்காக நான் துடித்துக்கொண்டிருந்த வாரத்தில் குண்டு விழுந்து, கடைகள் அடைத்து, துரைமார் ஓடி, ஊரே வேறு ஊராகிவிட்டது. வீட்டில் ஆங்கிலக் காகிதம் இருந்தால் தலை போய்விடும் என்று பேச்சு எழுந்தது. அப்பா என் தாள்கள் அத்தனையையும் அடுப்பில் போட்டார். வீடு முழுக்கச் சீரகம் கமகமத்தது. ஏதோ விருந்து சமைக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். நானாவும் தன் கட்டுகளை எரித்துவிட்டார். கொஞ்ச நாளில் சீரகமே கிடைக்காமல் போனது. மரவள்ளிக்கிழங்குக்குப் பொட்டலம் தேவையில்லை.

எனக்கு மிஞ்சியது மணியத்தின் ஞாபகம் ஒன்றுதான். அவன் எங்கள் வீட்டுப் பக்கம் வரும்போதெல்லாம், மண்டபத்திலிருந்து வீரன் எப்படி வெளியே வந்தான் என்று அரித்தெடுப்பேன். "அந்தத் தாளுல நான்தான் மொளகா மடிச்சேன், புள்ள. அவசரத்துல சரியாப் பாக்கல," என்று கையை விரிப்பான். பார்க்காமல் மடித்திருக்கமாட்டான் என்பது எனக்கு உறுதி.

பட்டணத்துப் படக்கொட்டகையில் இந்தியர்களுக்கு இலவசமாகப் படம் காட்டப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது இந்தச் சமயத்தில்தான். "சும்மா காட்டுறானா? எதுக்காம்?" என்று அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். போகாதே என்று சொல்லவில்லை; அதையே அனுமதி என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப்போடும் "டிரெஸர்" ஆன அப்பா இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஆணியில் அவர் சட்டையோடு தொங்கிய கைப்பட்டையை அண்ணன் எடுத்துக்கொண்டான். ஆஸ்பத்திரி ஆட்களுக்கு ஜப்பான்காரன் கொடுத்தது; வெள்ளைத் துணியில் சிவப்பு ஜப்பானிய எழுத்து. கையில் அது இருந்தால் வழிக்காவல் சிப்பாய் அறையமாட்டான். அண்ணன், மணியம், நான் மூவரும் நடந்தோம். காவலைத் தாண்டியதும் அண்ணன் பட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தான்.

"ஏண்டா கழட்டுற? ஜப்பான்காரன் மாப்பிள்ளைக்கு வெக்கமா?" என்றான் மணியம். நான் அதைப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டேன். கொட்டகை வாசலில் மணியம் என் தலையைத் தட்டி, "இன்னிக்கு ஒனக்குச் சொல்லிர்றேன். தண்ணிக்குள்ள இருந்து எப்படி வந்தான்னு ஞாபகம் வந்துருச்சு. படம் விடட்டும்," என்றான்.

பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பக்கவாட்டில் தனி பெஞ்சு, தனிக் கதவு. படத்தில் ஒரு ஜப்பானிய விமானி. கழுத்தில் வெள்ளைத் துணி. அவன் ஓடும்போது அது பின்னால் அங்கிபோலப் பறந்தது. அடிக்கிற கையும் பட்டினி போடுகிற கையும் அவனுடையதுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், எரியும் விமானத்தின் இறக்கையில் அவன் ஏறி நின்றபோது நான் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டேன். அவன் தப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டேன், ஆசைப்படுகிறோமே என்று கூசினேன், கூசிக்கொண்டே கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

அவன் குதித்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விளக்குகள் எரிந்தன. பெரிய கதவில் சிப்பாய்கள். பெண்களும் பிள்ளைகளும் பக்கக் கதவு வழியாகப் போகலாம், ஆண்கள் லாரிக்கு என்று ஒருவன் மலாயில் கத்தினான். "சயாமுக்கு, காட்டுல ரயில் ரோடு போட," என்று பெஞ்சுகளில் முணுமுணுப்பு ஓடியது. எழுந்து நின்ற அண்ணனின் சட்டையைப் பிடித்து, முகத்துக்கு முகம் பார்த்து, ஒரு சிப்பாய் வரிசையில் தள்ளினான்.

கூட்டம் பக்கக் கதவை நோக்கி முட்டியபோது நான் பெஞ்சுகளுக்கு அடியில் புகுந்து ஆண்கள் பக்கம் போனேன். "அண்ணே, இந்தா," என்று கைப்பட்டையை நீட்டினேன். அண்ணன் அதைப் பார்த்தான், மணியத்தைப் பார்த்தான். "கட்டுடா, கழுத," என்று மணியமே அதை வாங்கி அவன் கையில் முடிச்சுப் போட்டான். அண்ணன் முதுகை நிமிர்த்தி, ஒரு கையில் என்னையும் மறு கையில் மணியத்தையும் பிடித்துக்கொண்டு பெரிய கதவை நோக்கி நடந்தான். அங்கே நின்றவன் அதே சிப்பாய். கொஞ்சம் முன்புதான் அண்ணனின் மூக்குக்கு நேரே மூச்சுவிட்டவன். அண்ணனிடம் அதே சட்டை, அதே மூக்கு, அதே தாடை. அவன் துணியைப் பார்த்தான், விறைப்பாக நின்று வழிவிட்டான். மணியத்தின் கையைப் பார்த்தான். அதில் துணி இல்லை. துப்பாக்கிக் கட்டையால் அவனைப் பின்னுக்குத் தள்ளினான்.

வெளியே வந்ததும் அண்ணன் பட்டையை அவிழ்த்தான். முடிச்சு இறுகியிருந்ததால் பல்லால் அவிழ்த்தான். "பக்கக் கதவால போ பாப்பா. புள்ளைங்கள விடுறான். மணியத்துக்கிட்ட குடு. ஓடு!" ஓடினேன். கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன். தோளால் தள்ளினேன். உள்ளே தாழ் போட்டுவிட்டார்கள். முன்பக்கத்தில் லாரிகள் கிளம்பும் சத்தம் கேட்டபோதும் தள்ளிக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் மணியத்தின் அம்மா குருபோங்கிலிருந்து வந்து, அண்ணனிடம், "தம்பி, ஒங்கூடத்தானே வந்தான்?" என்று கேட்டாள். சண்டை முடிந்து சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகச் சிலர் திரும்பினார்கள். அவர்களில் மணியம் இல்லை. அண்ணன் சாகும்வரை எந்தப் படத்துக்கும் போகவில்லை. நாங்கள் யாராவது கூப்பிட்டால், "துணி ஒண்ணுதானே இருந்துச்சு," என்பான். அழைப்புக்கும் பதிலுக்கும் சம்பந்தம் இல்லை என்று புது மருமகள்கள் நினைத்துக்கொண்டார்கள்.

நான் நில அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, எந்த மனு எந்த மேசைக்கு, எந்த முத்திரை எந்த மூலைக்கு என்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்ற பெயரோடு ஓய்வு பெற்றேன். அங்கே நான் கற்றது ஒன்றுண்டு. கழுத்தில் அட்டை தொங்கினால் காவலாளி யாரையும் உள்ளே விடுவான். அட்டையை மறந்து வந்தால் பத்து வருடம் வணக்கம் சொன்னவனையும் நிறுத்துவான். எவரும் எவருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. கறுப்புத் துண்டை வரைந்தவனுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. அவனை வைதது தப்பு. ஆனால் வேறொன்றுக்காக அவனை இன்னும் வைகிறேன்: அவன் கதையில் ஒரு துணி ஊரையே காப்பாற்றுகிறது.

இப்போது அந்தக் கொட்டகை இல்லை. நானாவின் கடை இருந்த இடத்தில் சேலைக்கடை. குருபோங்கில் லயங்கள் இருந்த பக்கம் தொழிற்சாலைகள். சாமான் பிளாஸ்டிக்கில் வருகிறது. பிரித்தால் படிப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் அங்கி போட்டவர்கள் பல்கிப் பெருகிவிட்டார்கள். புதுப்படம் வந்தால் அண்ணனின் பேத்தி காரில் என்னைப் பேரங்காடித் திரையரங்குக்கு அழைத்துப் போகிறாள். செத்தவன் அடுத்த படத்தில் எழுந்து வருகிறான். எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அதற்கடுத்த படத்துக்கும் போகிறேன். "பாட்டி, இத்தனூண்டு முகமூடி போட்டா ஆளு யாருன்னு தெரியாதா? சுத்தப் பேத்தல்!" என்று அவள் போனமுறை கொதித்தாள். "தெரியாதும்மா," என்றேன்.

சீட்டு வாங்கும்போது அவசரக் கதவுக்குப் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்குவேன். கால் வலி என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். விளக்கு அணைவதற்கு முன்னால் எழுந்து போய், அந்தக் கதவை ஒருமுறை தோளால் தள்ளிப் பார்ப்பேன். திறக்கும். அதற்குப் பிறகுதான் உட்காருவேன்.