பெல்வுட் பாதிரியாரின் தூபக்கால்

எங்கள் வீட்டுச் சாம்பிராணிப் புகையில் என்ஜின் எண்ணெய் மணக்கும். எண்பதுகளின் நடுவில், ஆக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட் பகுதியில், ரயில் போகும்போதெல்லாம் கண்ணாடி ஜன்னல்கள் கிலுகிலுக்கும் ஒரு பழைய மரவீட்டில் வாடகைக்கு இருந்தோம். வெள்ளிக்கிழமைகளில் அம்மா தலைமுழுகி, ஈரக்கூந்தலை நுனியில் முடிந்துகொண்டு அறையறையாகப் புகை காட்டி வருவார். குங்கிலிய வாசத்துக்கு நடுவே எங்கிருந்தோ அந்த எண்ணெய்க் காறலும் வரும். தும்மினால் சாமிக்குத்தம் என்று சொல்லியிருந்ததால் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஊரிலிருந்து கொண்டுவர வேண்டிய தூபக்காலை, பாரம் கூடுகிறது என்று அப்பா கடைசி நேரத்தில் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிட்டார்; அந்தக் குற்றத்தை அம்மா மன்னிக்கவேயில்லை. குடிவந்த முதல் வாரமே, வீட்டு வளவின் பின்பக்கம் இருந்த உடுப்புத் தோய்க்கும் கொட்டிலில் மாற்று ஒன்றைக் கண்டெடுத்தார். முன்பக்கம் கிண்ணம்போலக் குழிந்து, பின்பக்கம் தட்டையாக ஒரு சாணுக்கு நீண்ட கனத்த இரும்பு. குழியில் தணல் போடலாம். நீண்ட பக்கத்தில் பழந்துணி சுற்றிப் பிடிக்கலாம். பழப்புளி போட்டுத் தேய்த்ததில் துரு கழன்று, ஆணியால் கீறிய ஒரு பெயர் வெளிவந்தது: ஏ. பெல்வுட். அம்மா அங்கேயே தீர்ப்பு வழங்கினார்.

"ஆரோ வேதக்காரப் பாதிரியார் இருந்த வீடு போல. எந்தச் சாமிக்குக் காட்டினாலும் புகை புகைதான்."

அந்தப் புகை எங்களுக்காக அல்ல, குட்டி மாமாவுக்காக. அம்மாவின் ஒரே தம்பி அவர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு பஸ் ஏறியவர் போய்ச் சேரவில்லை, திரும்பியும் வரவில்லை. ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு நீலக் கடிதத்தையும் அம்மா முதலில் வாசிக்கமாட்டார். மேலிருந்து கீழாக விரலை ஓட்டி, தம்பியின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். அது இல்லையென்று தெரிந்த பிறகுதான் மற்ற ஆட்களின் சுகம் விசாரிப்பார்.

எனக்குப் பன்னிரண்டு வயது. "உங்கள் வீட்டில் உங்களுக்கு முன் வாழ்ந்த ஒருவரைப் பற்றி எழுதி வாருங்கள்" என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை தந்தார்கள். மற்றப் பிள்ளைகள் முழித்தபோது நான் மட்டும் மிதப்பாக இருந்தேன். என்னிடம் ஒரு பாதிரியாரே இருந்தார். சனிக்கிழமைகளில் அரைநாள் வேலைக்கு டவுனுக்குப் போகும் அப்பா, என்னை நூலகத்தில் இறக்கிவிட்டார். அங்கே பழைய பத்திரிகைகளைப் படச்சுருளாக்கி வைத்திருந்தார்கள். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, ஐம்பது வருடத்துக்கு முந்திய நகரம் திரையில் கிறுகிறுவென்று ஓடும். தலை சுற்றி வாந்தி வந்ததும் உண்டு.

தேவாலயச் செய்திகளில் பெல்வுட் இல்லை. மூன்றாவது சனிக்கிழமை, விளையாட்டுப் பக்கத்தின் அடியில் அகப்பட்டார்: "பெல்வுட் இரண்டாம் வளைவில் விழுந்தார்." பாதிரியார் எதற்கு வளைவில் விழுகிறார்? எனக்குத் தேள் கொட்டியதுபோல் ஆயிற்று. மதியச் சாப்பாட்டை மறந்து தேடினேன். ஸ்பீட்வே என்பார்கள்: பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிளில், மண் தரையில், இடப்பக்கம் சாய்ந்து சறுக்கிக்கொண்டே வட்டமடிக்கிற பந்தயம். கோடைகாலத்துச் சனிக்கிழமைகளில் எங்கள் வீடுவரை இரையுமே, அம்மா "சனியன் தொடங்கிட்டுது" என்று ஜன்னலைச் சாத்துவாரே, அதேதான். அந்த விளையாட்டு இந்த ஊருக்கு வந்த புதிதில் ஓடியவர் எங்கள் ஆள். ஓடினார் என்பதைவிட விழுந்தார் என்பதே பொருத்தம். ஒரு கிழமை விழுந்தார், மறுகிழமை என்ஜின் நின்றது, அதற்கு அடுத்த கிழமை மூன்றாவதாக வந்தார். மொத்தம் மூன்று பேர்தான் ஓடியிருந்தார்கள்.

பிறகு ஒரு படம் வந்தது. வண்டியில் சாய்ந்து, இடது காலைத் தரையில் ஊன்றியபடி ஒரு மெலிந்த மனிதர். அந்தக் காலில், சப்பாத்துக்கு மேலே வார்போட்டுக் கட்டியிருந்தது எங்கள் தூபக்கால்.

சறுக்கும்போது கால் தேயாமலிருக்கப் போடும் இரும்புச் செருப்பு அது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு குட்டி மாமாவின் நினைவு வந்தது. அம்மா இத்தனை வெள்ளிக்கிழமையும் தம்பிக்காகச் சாமிக்குக் காட்டியது ஒரு செருப்பை. சொன்னால், அதனால்தான் அவன் வரவில்லை என்று தன்னையே நோவாரே! வீட்டில் மூச்சுக் காட்டவில்லை. ஆனால் கண்டுபிடித்ததை எழுதாமலும் இருக்க முடியவில்லை, படமும் கீறினேன். பெற்றோரைப் பள்ளிக்கு அழைக்கும் மாலையில் அந்தத் தாள்களை வகுப்புச் சுவரில் ஒட்டுவார்கள் என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை.

ஊரில் ஆசிரியையாக இருந்தவர் அம்மா. சுவரருகே நின்று, சேலைத் தலைப்பைப் பற்றியபடி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தார். வீட்டுக்கு நடந்தோம். ரயில் கடவையில் நின்றபோதுதான் கேட்டார்.

"பிறகு அந்தாளுக்கு என்ன நடந்தது?"

"தெரியாதம்மா. அந்தக் கோடைக்குப் பிறகு பேர் வரேல்லை."

"பேர் வரேல்லையெண்டால் ஆள் இல்லையெண்டே கருத்து?" அம்மாவின் குரல் உயர்ந்ததில் முன்னால் நின்ற வெள்ளைக்காரி திரும்பிப் பார்த்தாள். "அரைகுறையா விட்டிட்டு வந்து எழுதியிருக்கிறாய். தேடிப் பார்."

அடுத்த சனிக்கிழமை அம்மாவும் நூலகத்துக்கு வந்தார். அதற்கடுத்ததும் வந்தார். தூபக்கால் கொட்டிலுக்குத் திரும்பிப் போயிருந்தது. பூசைக்கு இப்போது ஒரு சட்டி மூடி. நான் கைப்பிடியைச் சுற்ற, அம்மா திரையில் விரல் வைத்து மேலிருந்து கீழாக ஓட்டினார், நீலக் கடிதத்தில் ஓட்டுவதுபோலவே. மரண அறிவித்தல் பக்கம் வரும்போது மட்டும் விரல் மெதுவாகும். எனக்கு அலுத்துப்போயிற்று; பாதிரியாராகவே விட்டிருக்கலாம் என்று நினைத்தேன்.

ஐந்தாவது சனிக்கிழமை அம்மா நூலகமென்றும் பாராமல் கத்தினார்.

"இந்தா இருக்கிறார்! இருக்கிறாரடி!"

ஏழெட்டு வருடம் தள்ளி, ஏதோ தோட்டக் கண்காட்சியின் பரிசுப் பட்டியல். வெங்காயம்: இரண்டாம் பரிசு, ஏ. பெல்வுட். பக்கத்தில் எங்கள் தெருவின் பெயர்.

அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். நூலகப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "வெங்காயம் வைச்சிருக்கிறார், பார். நாங்கள் பேப்பரில ஆளைச் சாக்காட்டிப்போட்டம்; அவர் வீட்டில இருந்து வெங்காயம் வைச்சிருக்கிறார்."

அந்த வெள்ளிக்கிழமை இரும்புச் செருப்பு மறுபடி தணல் ஏந்தியது. அப்பா வாயைத் திறக்கப் பார்த்தார். "கால் போகாமக் காப்பாத்தின சாமான்" என்றார் அம்மா.

இன்று அந்த மரவீடு இல்லை. அந்த இடத்தில் மூன்று அடுக்குமாடி வீடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன, வெங்காயத்துக்கு இடமில்லை. நூலகத்தில் கைப்பிடி சுற்றும் வேலையும் கிடையாது. பெயரைத் தட்டினால் பழைய பத்திரிகை தானாக வந்து நிற்கிறது. பெல்வுட்டுக்கு வேறொரு பரிசாவது கிடைத்ததா என்று அவ்வப்போது பார்க்கிறேன். பார்த்து முடித்ததும், கை தானாகவே இன்னொரு பெயரைத் தட்டும்.

அம்மா போய் ஆறு வருடமாகிறது. இதே நகரத்தின் லின்ஃபீல்டில், என் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய்க் காறலோடு புகை எழுகிறது. "ஹூ இஸ் இட் ஃபோர்?" என்று என் மகள் கேட்டாள். குட்டி மாமாவுக்கு என்றேன். அவர் செத்துப் போய்விட்டாரா என்று அடுத்த கேள்வி.

"இல்லை," என்றேன். "பேர் வரேல்லை."