விசா கிடைக்காதவர் எங்கள் ஊரில் பேசிய நாள்

எங்கள் வாசகர் வட்டம் அழைத்திருந்த யூடியூப் விமர்சகரைக் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே மறித்து, அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று தகவல் வந்தபோது, எங்கள் சாய்ந்தமருதில் கோழிப் பிரியாணிக்குத் தம் போட்டாகிவிட்டது. மண்டபத்தில் கதிரைகளும் நிறைந்துவிட்டன. எனக்கு மட்டும் நெஞ்சு வெறுமையாகிப் போனது. அவரிடம் கேட்பதற்காக ஒரு கேள்வியை வாரக்கணக்கில் வாய்க்குள்ளேயே வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன்.

'கிழக்குக் கரைப் பொடியன்கள் பட்டம் வாங்குவது கட்டாரில் ட்ரொலி தள்ளத்தான்' என்று ஒரு வீடியோவில் சொல்லிச் சிரித்தவர் அவர். பட்டம் வாங்கி, வேலைக்காகக் காத்திருக்கிற பொடியன் நான். அந்தச் சிரிப்பை நேரில் பார்த்து, "எங்கட ஊர்ல ஒரு பட்டதாரியோடயாவது நீங்க இருந்து கதைச்சிருக்கீங்களா?" என்று கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவர் என் மாமா, உம்மாவின் தம்பி. கல்முனை பசாரில் சாரன் துணிக்கடை வைத்திருக்கிறார். அந்த ஆள் வரக்கூடாது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர்.

"அல்ஹம்துலில்லாஹ், வந்த வழியே கிறுகிப் போயிட்டான்" என்றார்.

"கதைக்க வந்தவன மறிக்கிறது என்ன நியாயம் மாமா? பொய் சொன்னா நேர்ல மடக்கலாமே."

"நீ மடக்குவாய். அவன் ரெண்டு ஊரையும் மூட்டிவிட்டுட்டு பிளேன் ஏறிருவான். மறுகா பாண்டிருப்புக்கு மரக்கறி வாங்கப் போறது நாம."

பாண்டிருப்பு எங்கள் முஸ்லிம் ஊருக்குப் பக்கத்துத் தமிழ் ஊர்; இரண்டு ஊரையும் எதிரியாக்கி அந்த ஆள் ஒரு வீடியோவில் பேசியிருந்தார். மாமா சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

தம் உடைக்க நேரம் இருந்தது. வட்டத்தின் செயலாளர், என்னோடு படித்தவன், ஒரு யோசனை சொன்னான்: யாராவது அந்த ஆளாக மேடையில் இருக்கட்டும், நாம் கேள்வி கேட்போம். ஆனால் யார்? அவரை ரசிப்பவர்கள் எல்லாரும் துண்டு வீடியோ பார்த்தவர்கள். ஒரு பேச்சையாவது முழுசாகக் கேட்டவர் கூட்டத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். எதிர்க்க வேண்டுமென்றே ஒன்று விடாமல் கேட்டவர்.

"மாமா, ஏறுங்க."

"எனக்கென்ன பைத்தியமா?" என்றபடியே ஏறினார்.

ஏறியதும் ஆள் மாறிப்போனார். மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கினார். "கேளுங்கள், கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள்" என்று அந்த ஆளின் குரலிலேயே தொடங்கினார். கை வீச்சு அதே, இடையில் தண்ணீர் குடிக்கிற விதமும் அதே. கதிரைகள் குலுங்கின. வரக்கூடாது என்று சொன்ன ஆளை மாமா தன் வாயிலேயே ஏற்றி விசா இல்லாமல் கொண்டுவந்துவிட்டார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு பிடித்துக்கொண்டது.

பேச்சு இரண்டு ஊர்க் கதைக்கு வந்தது. முன்வரிசையில் பாண்டிருப்பு மாஸ்டர் இருந்தார், வட்டத்துக்குத் தவறாமல் வருகிறவர், மாமாவை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிறவர். மாமா அவரைப் பார்த்தார், தண்ணீர் குடித்தார், நேரே கட்டார் கதைக்குத் தாவினார்.

"நானா, அந்தத் துண்ட விட்டுட்டீங்க. ரெண்டு ஊர் துண்டு" என்றார் மாஸ்டர், சிரிக்காமல்.

"தொண்டை கட்டிப் போச்சு மாஸ்டர்" என்றார் மாமா தன் சொந்தக் குரலில். மண்டபம் அதிர்ந்தது.

நான் எழும்பி என் கேள்வியைக் கேட்டேன். அந்த ஆளின் பதில் எல்லாருக்கும் தெரியும், ட்ரொலி தள்ளுகிற பதில். மாமா கண்ணாடியைச் சரிசெய்தார். என்னைப் பார்த்தார். அவருடைய மகனும் பட்டம் முடித்துவிட்டு இப்போது கட்டாரில்தான் இருக்கிறான். வாய் திறந்தது, மூடியது.

"இதச் சொல்ல ஏலா" என்று இறங்கிவிட்டார்.

சாப்பாட்டுக்கு இருந்தோம். எங்கள் சஹனில், ஆறு பேர் சுற்றியிருந்து உண்கிற அந்தத் தட்டில், விருந்தாளிக்கு விட்ட இடம் வெறுமையாக இருந்தது. எனக்கு வென்றுவிட்ட சந்தோஷம்.

"பாத்தீங்களா மாமா, முகத்தப் பாத்தா சொல்ல ஏலாது. அதுக்குத்தான் நான் அவன உள்ளுக்கு விடச் சொன்ன."

"மடையா, எனக்கு ஏலாமப் போனது நான் உன்ட மாமன் எண்டதால. அவன் உனக்கு மாமனா?"

எதிரே இருந்த மாஸ்டர் வெறுமையான இடத்தைக் காட்டினார். "இந்த இடத்தில அவன் இருந்திருந்தா நானா என்ன செய்வீங்க?"

மாமா யோசிக்கவேயில்லை. வழக்கம்போல நடுவிலிருந்த கோழியைப் பிய்த்து, விருந்தாளிக்குத் தள்ளுவதுபோல வெற்றுப் பக்கம் தள்ளினார். "இதத் திண்டுபோட்டு, உங்கட முகத்தப் பாத்து அந்தத் துண்டச் சொல்லட்டும், பாப்பம்."

"அப்ப விடலாம் எண்டுறீங்க" என்றேன்.

மாமாவின் கை சோற்றில் நின்றது. மாஸ்டர் புரையேறிச் சிரித்தார்.

"விடப்படாது" என்றார் மாமா, தள்ளிய இறைச்சியை என் பக்கம் இழுத்துவிட்டபடி. "நீ தின்."