முதிரைத் தடி கட்டிய சைக்கிள்

கண்டாவளைப் பக்கத்துக் குடியேற்றத் திட்டத்தில் பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவமாது இராசேஸ்வரியை எல்லோரும் "மிசி" என்றுதான் கூப்பிடுவார்கள். மிசியிடம் ஒரு சைக்கிள் இருந்தது. பெண்களுக்கென்று செய்த, நடுவில் பார் இல்லாத சைக்கிள். சேலையோடு ஏறலாம், சேலையோடு இறங்கலாம். 1961இல் கிளிநொச்சியில் அதை விற்ற தில்லைநாதன், "இந்த ஒரு சைக்கிள் உங்களுக்கு எல்லாத்துக்கும் காணும், மிசி" என்று சொல்லியிருந்தார். தார் றோட்டை விட்டு இறங்கிப் பழக்கமில்லாத மனிதர் அவர்.

மிசியும் அதை நம்பத்தான் பார்த்தார். களிமண் சக்கரத்துக்கு மேலிருக்கும் மட்காட்டுக்குள் அடைத்துச் சில்லை இறுக்கியது. மட்காட்டைக் கழற்றி எறிந்தார். மணல் பாதைக்குக் காற்றைக் குறைத்தார், கிரவல் றோட்டுக்குத் திரும்பவும் அடித்தார். தண்ணீரைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. மாரி மழையில் வாய்க்கால் உடைத்துப் பாதையை மூடினால், ஆண்கள் பாருக்குள் தோளைக் கொடுத்துச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மிசியின் சைக்கிளில் தோள் கொடுக்க இடமே இல்லை.

அந்தக் குறையால் முதல் மாரியிலேயே ஒரு பிள்ளை போனது. சைக்கிளை இக்கரையில் போட்டுவிட்டு, இடுப்பளவு தண்ணீரைக் கடந்து, மிச்சம் மூன்று மைலும் சேற்றில் நடந்து யோகநாதன் என்பவனின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, கொடி கழுத்தில் சுற்றிய குழந்தை மூச்சில்லாமல் கிடந்தது. யோகநாதனின் மனைவி கமலாசனி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த முதுகை மிசியால் மறக்க முடியவில்லை.

இரண்டு வருடம் கழித்துக் கமலாசனி மறுபடி பிள்ளைத்தாச்சியானாள். எட்டாம் மாதத்தில் யோகநாதன் மிசியைத் தேடி வந்தான். கையில் வழுவழுப்பாகச் சீவிய முதிரை மரத் தடியும் கொஞ்சம் தேங்காய்த் தும்புக் கயிறும். அடிக்கத்தான் வந்தானோ என்று மிசி ஒரு எட்டுப் பின்னுக்கு வைத்தார்.

"சைக்கிளை ஒருக்காத் தாங்கோ மிசி. இதைச் சீற்றுக்குக் கீழையிருந்து முன்பக்கம் கட்டினால் தோளிலை கொழுவலாம். தண்ணி கடந்தாப்போலை அவிட்டுப்போட்டு ஏறுங்கோ."

"உமக்கு என்னிலை கோவமில்லையோ?"

"இருந்தது. உங்களிலையோ வாய்க்காலிலையோ எண்டு தெரியாமல் கனநாள் இருந்தது."

கார்த்திகை மாதம் ஒரு விடியற்காலை, அயலவர் இளையதம்பி நனைந்து வந்து, கமலாசனிக்கு வலி கண்டுவிட்டதென்று சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டுமென்று கார் பிடிக்கக் கிளிநொச்சிப் பக்கம் ஓடினார். வாய்க்கால் இந்த முறையும் உடைத்துத்தான் இருந்தது. மிசி தடியைக் கட்டிச் சைக்கிளைத் தோளில் கொழுவினார். கனத்தது, என்றாலும் அக்கரை சேர்ந்துவிட்டார். ஆனால் நனைந்த கயிறு இறுகிப்போய், முடிச்சு நகத்துக்கு அசையவில்லை; தடி ஆண்கள் சைக்கிளின் பார் மாதிரிக் குறுக்கே நின்றது. பெட்டியில் கத்தரிக்கோல் இருந்தது. கொடி வெட்டவென்று அவித்து வைத்த கத்தரிக்கோல். அதைச் சேற்றுக் கயிற்றில் வைக்க மனம் வரவில்லை.

தெருவில் கரண்டைக் காலைக்கூடக் காட்டாத மனிசி, சேலையை முழங்காலுக்கு மேலே வரிந்து செருகினார். பாருக்கு மேலால் காலைத் தூக்கிப் போட்டு, ஆண்பிள்ளை மாதிரி ஏறி மிதித்தார். வழியில் தேத்தண்ணிக் கடையில் நின்றவர்கள் சிரித்த சத்தம் கேட்டது. காது சுட்டது. இத்தனை நாளும் சைக்கிளைத்தான் மாற்றிக்கொண்டிருந்தோம், ஏறுகிறவள் மாறவில்லையே என்று அப்போதுதான் அவருக்குப் பட்டது.

போனபோது பிள்ளையின் கால் முதலில் வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இதுவும் போயிருக்கும். மிசி கை கழுவிவிட்டுக் குனிந்தார். கனநேரம் பாடுபட்ட பிறகு ஒரு பெண்பிள்ளை வீறிட்டு அழுதது. இந்த முறை கமலாசனி சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. மிசியின் கையைப் பிடித்தவள் விடவேயில்லை. மிசிக்கும் கண் கலங்கிப்போயிற்று.

வெளியே வந்தபோது நல்ல வெயில் எறித்தது. யோகநாதன் கத்தியோடு சைக்கிளடியில் நின்றான்.

"கயிறு இறுகிப்போச்சு மிசி. வெட்டிவிடட்டோ?"

மிசி பாதையைப் பார்த்தார். தேத்தண்ணிக் கடையில் இப்போது இன்னும் சனம் கூடியிருக்கும்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றார். சேலையை வரிந்து செருகிக்கொண்டு, பாருக்கு மேலால் காலைப் போட்டு ஏறினார்.