மரநாய்க் குட்டிக்குச் சுற்றிய பொன்னாடை

அந்தப் பொன்னாடை என்னிடம்தான் இருக்கிறது. ஜரிகை கறுத்துவிட்டது. நடுவிலுள்ள பழுப்புக் கறையைப் போக்க நான் முயன்றதே இல்லை. பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வரட்டும் என்றுதான் வைத்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் இறுதியில், திருவனந்தபுரத்தின் ஓரத்தில் இருந்த எங்கள் குடியிருப்பில், தாயை இழந்த காட்டுக் குட்டி எது கிடைத்தாலும் நானும் என் அத்தையும் இருந்த வீட்டுக்குத்தான் வரும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள் அத்தை. அவளுக்குக் கூட்டு ஓர் ஆட்டோ ஓட்டுநரும், மிருக ஆஸ்பத்திரி கம்பவுண்டரும். யாரும் கேட்காமல் தாங்களாகச் செய்த வேலை அது. ஓயாமல் பேசுகிற அத்தை, குட்டிக்குப் பால் கொடுக்கும்போது மட்டும் ஊமையாகிவிடுவாள். பெயர் வைக்கக் கூடாது, கொஞ்சக் கூடாது. "மிண்டாதே மக்கா. நம்ம சத்தம் பழகிட்டுன்னா, அடிக்க வாறவன் கிட்டயும் ஓடிப் போவும்" என்பாள்.

ஓணப் பந்தல் போட இடம் வேண்டுமென்று குடியிருப்போர் சங்கத்தார் பெரிய அயினி மரத்தை வெட்டினார்கள். பொந்தில் மரநாய் குட்டி போட்டிருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று அத்தை கெஞ்சியதைச் செயலாளர் காதில் வாங்கவில்லை. மரத்தோடு விழுந்து தாய் செத்தது. குட்டிகளில் ஒன்றுதான் பிழைத்தது. அதே இடத்தில் போட்ட பந்தலில் அதே மனிதர், குட்டியைக் காப்பாற்றியதற்காக அத்தைக்குப் பொன்னாடை போர்த்தினார். வெட்கம் வேண்டாமா? அவள் மேடையில் நிற்கும்போதே, அவருடைய ஆட்கள் எங்கள் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து குட்டி இருந்த கூடையைத் தூக்கி வந்துவிட்டார்கள். "ஒரு போட்டோ மதி, போதும் சேச்சி, ஒரே ஒரு போட்டோ!" குட்டி கைமாறிக் கைமாறிப் போயிற்று. மைக்கில் அதற்கு 'மாவேலி' என்று, ஓணத்துக்கு வருகிற மகாபலியின் பெயரையும் வைத்தார்கள். கைதட்டல் வேறு.

அதோடு விட்டார்களா? அத்தை வேலைக்குப் போகும் நேரம் பார்த்துத் தெருவே வாழைப்பழத்தோடு வந்து நின்று, "மாவேலி, வா, வா" என்று கூப்பிட்டது. கேட்டைப் பூட்டினாள். மதிலுக்கு மேலாக எறிந்தார்கள். சண்டைக்குப் போனாள். "சேச்சிக்கு எந்தா இத்ர அகங்காரம்?" என்றார்கள். குட்டி வளர்ந்ததும், குடியிருப்புக்குப் பின்னால் இருந்த பாம்புக்காவில் கொண்டுபோய் விட்டோம். மரங்கள் அடர்ந்த இடம் அது ஒன்றுதான் மிச்சம்.

சில வாரங்கள்கூட ஆகவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில், செயலாளர் வீட்டு வராந்தாவில் பேச்சுச் சத்தம் கேட்டு, குட்டி நேராக அங்கே ஏறிப் போயிருக்கிறது. அவர் கட்டையால் அடித்துக் கொன்றுவிட்டார். நாங்கள் ஓடிப்போனபோது, "அய்யோ, இது நம்மட மாவேலியாணோ? எனிக்கு மனசிலாயில்ல சேச்சி" என்றார். அடையாளம் தெரியவில்லையாம்.

நாலு தெருவுக்குக் கேட்கும்படி அவரைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அத்தை வீட்டுக்குப் போய்ப் பொன்னாடையை எடுத்துவந்து, குட்டியை அதில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனாள். குட்டியை அயினியின் அடிக்கட்டைப் பக்கத்தில் புதைத்தாள். துணியை மட்டும் மடித்து வைத்துக்கொண்டாள்.

அத்தை இப்போது இல்லை. போன வாரம் சங்கத்திலிருந்து ஃபோன் வந்தது. ஓண விழாவில் அவளுடைய படத்தைத் திறக்கிறார்களாம். திறப்பவர் அந்தப் பழைய செயலாளர், இப்போது சங்கத் தலைவர். அவர் கையால் நான் பொன்னாடை வாங்கிக்கொள்ள வேண்டுமாம். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர் தருவதை வாங்கப் போவதில்லை. இதைத்தான் கொண்டுபோகிறேன். மேடையில், எல்லோர் முன்னாலும், கறை வெளியே தெரியும்படி அவர் தோளில் போர்த்தப் போகிறேன்.