வெங்காயம் இல்லாத வீட்டில் வீங்கிய கண்கள்

சென்ற தை மாதம் ஆரணியில் எங்கள் வீட்டில் வைத்து என் மகளுக்கு நிச்சயதார்த்தம். அன்று காலை கண்ணாடியைப் பார்த்தவள் திடுக்கிட்டுப் போனேன். இரண்டு கண்ணுக்குக் கீழேயும் சின்னதாக ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது. இரவெல்லாம் விம்மி விம்மி அழுதவளின் முகம் அது. சத்தியமாக நான் அழவில்லை. குறட்டை விட்டுத் தூங்கி எழுந்திருந்தேன்.

காரணம் எனக்கு மட்டும் தெரியும். எங்களுக்குப் பட்டுப்புடவை வியாபாரம். தறிக்காரர்களிடம் வாங்கி, வீட்டிலிருந்தே போனில் லைவ் போட்டு விற்கிறேன். முந்தானையை விரித்துக் காட்டினால் கூடவே என் முகமும் தெரியும் அல்லவா? கண்ணுக்குக் கீழே எனக்குப் பிறவியிலேயே குழி, அதில் ஒரு கருப்பு. விலையைக் கேட்பதற்கு முன்பே “அக்கா, உடம்பு சரியில்லையா?” என்று கமெண்ட் வந்துவிடும். ஒரு நாள் எந்த ஊர்ப் புண்ணியவதியோ, “புடவை சூப்பர், கட்டியிருக்கிறவங்கதான் சோகம்” என்று எழுதிவிட்டாள். எனக்கு வந்ததே கோபம். ஜரிகை பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வேலூருக்கு பஸ் ஏறினேன்.

அங்கே ஒரு தோல் டாக்டர் அம்மா, கண்ணுக்குக் கீழே ஊசி மூலம் ஜெல் மாதிரி ஒன்றை வைத்தார். ஃபில்லர் என்று பெயர். குழி நிரம்பிவிட்டது. ஒரு பெண்கூடக் கண்டுபிடிக்கவில்லை, “இளைச்சாப்ல, அழகா இருக்கீங்க” என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சில பேருக்குப் பல மாதம் கழித்துக்கூட, சளி காய்ச்சல் வந்தால் அந்த இடம் வீங்கலாம் என்று டாக்டர் அன்றைக்கே எச்சரித்திருந்தார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்ததோடு அதை மறந்தும் போனேன். நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம் எனக்கு நல்ல சளி.

வேறு எந்த நாளாக இருந்தாலும் கருப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு சமாளித்திருப்பேன். ஆனால் இது காதல் கல்யாணம். மாப்பிள்ளை என் மகளோடு சென்னையில் வேலை செய்கிறவர். வெம்பாக்கம் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் தமிழ் ஜைனக் குடும்பம். விஷயம் தெரிந்தபோது நான் ஒரு மாதம் மகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அது அவர்கள் காதுக்கும் எட்டியிருந்தது. பிறகு அவர்கள் ஒரு முறை வந்து போனார்கள். அந்தப் பையன் என் மகளிடம் பேசுகிற விதத்தைப் பார்த்ததும் என் மனசு முழுசாக மாறிவிட்டது. மாறியது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது தெரிய வேண்டிய நாள்தான் அன்று.

அதற்காக நான் செய்த ஏற்பாட்டைக் கேளுங்கள். அவர்கள் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எதுவும் தொட மாட்டார்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிடவும் மாட்டார்கள். அதனால் தட்டு மாற்றுவதை மதியத்துக்கு மேல் வைத்து, வெளிச்சம் இருக்கும்போதே பந்தி என்று முடிவு. வீட்டிலிருந்த வெங்காயக் கூடையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். சமையல்காரரை நிற்க வைத்துப் பாத்திரங்களைத் திரும்பக் கழுவச் சொன்னேன். போனில் சம்பந்தி அம்மாவிடம், “ஒரு வெங்காயத் தோல்கூட எங்க வீட்ல கிடையாதுங்க” என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

காலையில் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்தேன். வலிக்கிறதா, சிவந்திருக்கிறதா, பார்வை மங்குகிறதா என்று கேட்டார். எதுவும் இல்லை. அழுத்தாதீர்கள், தேய்க்காதீர்கள், நாளைக் காலை முதல் ஆளாக வந்துவிடுங்கள், பார்வையில் கொஞ்சம் மாற்றம் தெரிந்தாலும் இன்றைக்கே வாருங்கள் என்றார். எனக்கு உயிர் வந்தது. வெளியே வந்தால் மகள் நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது.

“உனக்கு இன்னும் இஷ்டம் இல்ல, அப்படித்தானேம்மா?” என்றாள்.

சளி என்றேன். நம்பவில்லை. என் கணவர் ஒன்றும் கேட்காமல் என் தோளைத் தட்டிக்கொடுத்தார், அது இன்னும் மோசம். என் நாத்தனார், “நீ ஒருத்தியே வச்சிகினு அழாத, எங்களாண்ட சொல்லு” என்று சொல்லிவிட்டு, வந்த சொந்தக்காரர் எல்லோரிடமும் அவரே சொல்லி முடித்துவிட்டார்.

மதியம் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வாங்க வாங்க என்று நான் வாய் நிறையச் சிரித்தேன். வாய்தான் சிரித்தது, கண் அழுதுகொண்டிருந்தது. சம்பந்தி அம்மா என்னைப் பார்த்தார், தன் கணவரைப் பார்த்தார். அவர்களுக்குள் ஏதோ பேசினார்கள். தாம்பூலத் தட்டு பாயில் இருந்தது, அதை யாரும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் போகட்டும் என்றார் மாப்பிள்ளையின் அப்பா. அந்தக் கொஞ்ச நேரம் நீண்டுகொண்டே போனது. வாசலில் நிழல் நீளமாக விழ ஆரம்பித்துவிட்டது. இனி பொழுது சாய்ந்தால் அவர்கள் பட்டினியாகத்தான் எழுந்து போக வேண்டும். என் மகள் அலங்காரத்தோடு உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சம்பந்தி அம்மா எழுந்து சமையல்கட்டுக்கு வந்தார். “சம்பந்தி, உங்க மனசுல இன்னா இருக்குதுனு தெறந்து சொல்லிடுங்க. பெத்தவ அழுதுகினு அனுப்புற பொண்ண கூட்டிகினு போயி நாங்க நல்லா இருப்பமா?”

அவருக்கும் கண் கலங்கியிருந்தது. உண்மையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சம்பந்தி ஆகப்போகிறவரிடம், மகள் நிச்சயத்தன்று, அழகுக்கு ஊசி போட்டுக்கொண்டேன் என்று எந்த வாயால் சொல்வது? பதற்றத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“அழலீங்க. வெங்காயம் அரிஞ்சேன்.”

சமையல்காரரின் கரண்டி அப்படியே நின்றது. சம்பந்தி அம்மா சாம்பார் குண்டானைப் பார்த்தார். வரிசையாக எல்லாப் பாத்திரத்தையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஒன்று நான் பொய்க்காரி, இல்லையென்றால் இலையில் வைக்கப்போவதெல்லாம் அவர்கள் தொடக்கூடாத சாப்பாடு. இரண்டில் எதை அவர் நம்பினாலும் என் மகளின் கல்யாணம் அங்கேயே நின்றுவிடும்.

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, புடவைகள் அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். வேலூர், ஊசி, ஜெல், சளி எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் என் முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். பட்டின் நிறத்தை டியூப்லைட்டில் நம்பாமல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார்களே, அந்த மாதிரி பார்த்தார்.

“செவக்கவே இல்லையே. அழுத கண்ணுனா செவந்திருக்கணுமே” என்றார்.

அடுத்த நிமிடம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு புடவைக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்ததும் தன் பெரிய கொண்டையை விரலால் தட்டிக் காட்டினார்.

“இதுல பாதி கடையில வாங்கனது. எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. வெளிய சொல்லிடாதீங்க.”

அதற்குப் பிறகு சிரித்ததை எங்களால் நிறுத்தவே முடியவில்லை. உள்ளே என்ன நடக்கிறதோ என்று கதவைத் தள்ளிக்கொண்டு வந்த மகளிடம் நானே விஷயத்தைச் சொன்னேன். என்னைக் கட்டிக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் அவள் கண் மை என் தோளெல்லாம் ஒட்டிக்கொண்டது. சம்பந்தி அம்மா கூடத்துக்குப் போய், “ஜல்தி தட்ட மாத்துங்க, பொழுது போவுது. இந்த வீட்ல அழுகையும் இல்ல, வெங்காயமும் இல்ல” என்றார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தட்டு மாறியது, வாசலில் வெயில் இருக்கும்போதே கடைசி இலையும் எடுத்தாயிற்று.

இரவு என் கணவரிடமும் சொன்னேன். “ஆரணியில கிடைக்காத ஜரிகை வேலூர்ல இன்னா இருக்குதுனு அன்னைக்கே யோசிச்சேன்” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் டாக்டரிடம் போனபோது சம்பந்தி அம்மாவும் கூட வந்தார். அந்த ஜெல்லைக் கரைக்க ஒரு ஊசி போட்டார்கள். வீக்கம் மெல்ல வடிந்தது. என் பழைய குழியும் கருப்பும் பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டன. திரும்ப நிரப்ப வேண்டுமா என்று டாக்டர் கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் சம்பந்தி அம்மா தன் கழுத்துச் சுருக்கத்துக்கு ஏதாவது உண்டா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

கல்யாணம் முடிந்து மகளைக் காரில் ஏற்றும்போது நான் நிஜமாகவே தேம்பி அழுதேன். சம்பந்தி அம்மா பக்கத்தில் வந்து, என் கண்ணைத் துடைத்துவிட்டு, “வெங்காயமா?” என்று மெதுவாகக் கேட்டார். அழுகையோடு அழுகையாகச் சிரிப்பு பீறிட்டது. இப்போதும் லைவில் யாராவது “அக்கா, ஏன் சோகமா இருக்கீங்க?” என்று கேட்டால், அந்த அறையில் புடவைக் கட்டின் மேல் உட்கார்ந்து சிரித்த அந்த முகம்தான் நினைவுக்கு வருகிறது. வெட்கத்தை விட்டு அன்று அந்த உண்மையைச் சொன்னதால்தான் என் மகளுக்கு ஒரு நல்ல மாமியாரும், இந்த வயதில் எனக்கு ஒரு சிநேகிதியும் கிடைத்தார்கள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த புடவையை விரிப்பேன்.